ஆக்கியோன், கூற்று, பாடம்: மேற்கோள் இணையதளங்களில் ஆசிரியச் சுட்டும் தென்காசி – குற்றாலச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்து, ஒலி, படம், காணொளி எனப் பல ஊடகங்களில் மேற்கோள்களைத் தொகுத்தளிக்கும் இணையதளங்கள் பெரும்பாலும் ஒரு மேற்கோளுக்கு ஓர் ஆசிரியர் பெயரையே கோருகின்றன. இவ்வமைப்பு தமிழ்ப் பனுவல்களுக்குப் பொருந்தாமையை வெற்றிவேற்கை, குற்றாலக் குறவஞ்சி, தென்காசிக் கோயிற் கல்வெட்டுச் செய்யுள்கள், சித்திரசபை ஓவியங்கள், டி.கே.சி. கொண்ட கம்பராமாயணப் பாடங்கள் ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஆசிரியச் சுட்டு என்பதே ஒருவர் செய்யும் கூற்று. ஆதலால் அதற்கும் ஆசிரியர் உண்டு என்பதும், நன்னூலின் பாயிர மரபு இதனை முன்பே உணர்ந்திருந்தது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: மேற்கோள், ஆசிரியச் சுட்டு, பாயிரம், கூற்று, பாடம், வெற்றிவேற்கை, குற்றாலக் குறவஞ்சி, டி.கே.சி.

முன்னுரை

ஒரு தொடரை எடுத்தாளும்போது அஃது யாருடையது எனக் காட்டும் குறிப்பினை இக்கட்டுரை ‘ஆசிரியச் சுட்டு’ என வழங்குகிறது. அச்சு நூலில் இக்குறிப்பு அடிக்குறிப்பாக அமையும். அதில் ஐயத்தையும் மறுப்பையும் எழுத இடமுண்டு. மேற்கோள் இணையதளத்தின் தரவுத்தளத்திலோ இஃது ஒரு புலமாகச் சுருங்கிவிடுகிறது. ‘ஆசிரியர்’ என்னும் அப்புலம் நிரப்பப்படாவிடில் பதிவு ஏற்கப்படாது என்னும் விதி பல தளங்களில் காணப்படுவதே. வெளித்தோற்றத்தில் ஒழுங்கை வளர்க்கும் இவ்விதி பிழையைத் தோற்றுவிக்கும் கருவியாகவும் செயற்படுகிறது. ஆசிரியர் இன்னார் எனத் தெரியாத ஒருவர் அப்புலத்தை வெறுமையாக விட இயலாது. நினைவுக்கு முதலில் வரும் பெயரை இடுவார். தமிழில் அப்பெயர் பெரும்பாலும் ஔவையார், இல்லையேல் திருவள்ளுவர் அல்லது பாரதியார். அண்மைக்காலத் தன்முன்னேற்றத் தொடராயின் அப்துல் கலாம்.

இப்பிழைகளைப் பயனர்களின் அறியாமைமேல் ஏற்றி விட்டுவிடுவது எளிது. ஆயின் ஒரு படிவம் விடையை வற்புறுத்துமிடத்து, அறியாமை பொய்ச்சான்றாக மாறுவதற்குப் படிவமும் பொறுப்பாகும். இன்று பட்ட வகுப்பு மாணவர் ஒப்படைப்புகளில் மட்டுமன்றி ஆய்வேடுகளிலும் இத்தளங்கள் சான்றாக நுழைவதால், இது கணினித் துறையினர்க்கு விட்டுவிடத்தக்க சிக்கல் அன்று. பதிப்பியல் சிக்கலே ஆகும். தென்காசியும் குற்றாலமும் இதனை ஆராயத் தக்க களங்கள். சுமார் 5 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இவ்விரண்டு ஊர்களும் அரசனின் நீதிநூல், கல்லில் வெட்டிய செய்யுள், சுவரோவியம், ஆடற்குரிய நாடகம், வாய்மொழித் திறனாய்வு என முற்றிலும் வேறுபட்ட ஊடகச் சான்றுகளைத் தருகின்றன.

பெயரில்லாப் பாடலுக்கு மரபு கண்ட வழிகள்

ஆசிரியர் பெயர் தெரியாத நிலை தமிழ் மரபுக்குப் புதிதன்று. குறுந்தொகையின் புலவர் வரிசையில் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் போன்ற பெயர்கள் உள்ளன. இவை பாடலில் வரும் தொடரால் புலவர்க்கு அமைந்த பெயர்கள். தொகுத்தோர் அறியாத பெயரைப் புனைந்து இடவில்லை. வேறொரு புகழ்பெற்ற புலவர்மேல் ஏற்றவும் இல்லை. பெயரைப் பார்த்த அளவிலேயே, இஃது இயற்பெயர் அன்று, பாடலினின்று பெற்ற அடையாளம் என்பது கற்பார்க்குப் புலனாகிறது. அறியாமையை மறைக்காமலே பதிவினை நிறைவாக்கும் இம்முறையைக் காட்டிலும் நேர்மையான தீர்வை இன்றைய தரவுத்தளங்கள் கண்டனவாகத் தெரியவில்லை.

சங்கப் பாடல்களின் அடியில் அமைந்த கூற்றுக் குறிப்புகளும் இங்கு எண்ணத்தக்கவை. யார் பாடியது என்பதோடு யார் கூற்று, யாரை நோக்கியது, எச்சூழலில் நிகழ்ந்தது என்பனவும் அவற்றில் தனித்தனியே சுட்டப்படுகின்றன. பாடியவரும் பேசுபவரும் வேறு என்னும் தெளிவு அகப்பாடல் மரபின் அடிப்படை. கபிலர் பாடிய தலைவி கூற்றைக் ‘கபிலர் கருத்து’ எனப் படஅட்டையில் அச்சிடுவது இவ்வடிப்படையையே தகர்க்கிறது.

புறத்திரட்டு மற்றொரு வழியைக் காட்டுகிறது. பல நூல்களிலிருந்து செய்யுள்களைத் தேர்ந்து பொருள்வகையால் அடைவுசெய்த அந்நூலைத் தமிழின் பழைய மேற்கோட் களஞ்சியம் எனலாம். அதன் தொகுப்பாசிரியர் செய்யுள்தோறும் நூற்பெயரைச் சுட்டினார். அச்சுட்டின் பயனாகவே முத்தொள்ளாயிரத்தில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்கள் நமக்குக் கிடைத்தன. குண்டலகேசி, தகடூர் யாத்திரை முதலியவற்றின் செய்யுள்களையும் இனங்காண முடிந்தது. எஸ். வையாபுரிப் பிள்ளையின் பதிப்பு இதனை ஆய்வுலகின் கைக்கு எட்டச் செய்தது. முத்தொள்ளாயிரத்தை யாத்தவர் பெயர் மறைந்தது; தொகுத்தவர் பெயரும் மறைந்தது; நூற்பெயர் மட்டும் நின்று பனுவலைக் காத்தது. மேற்கோள் தளங்களோ ஆசிரியர் பெயரைக் கட்டாயமாக்கி, நூற்பெயரை விருப்பத்திற்கு விடுகின்றன. வரலாறு காட்டும் முறை இதற்கு நேர்மாறானது.

வெற்றிவேற்கை: அரசனின் சொல் ஔவையாருக்குப் போனது

பிச்சையெடுத்தேனும் கல்வி கற்பது நன்று என்னும் பொருளமைந்த அடி தமிழரிடையே மிகப் பரவிய மேற்கோள்களுள் ஒன்று. இது வெற்றிவேற்கையில் வருவது. இந்நூலைத் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டவரும், நைடதம் பாடியவருமான அதிவீரராம பாண்டியர்க்கு உரியதாகக் கொள்வர். எனினும் பொதுவழக்கில் இவ்வடியை ஔவையார் வாக்கு எனச் சொல்வோர் பலர்.

இம்மயக்கத்திற்கான காரணம் வெளிப்படை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றோடு வெற்றிவேற்கையும் உலகநீதியும் ஒரே நீதிநூல் திரட்டாக அச்சிடப்பட்டன. திண்ணைப் பள்ளியிலும் பின்னர்த் தொடக்கப் பள்ளியிலும் ஒருசேர மனப்பாடம் செய்விக்கப்பட்டன. ஒரே கட்டடத்துள் இருந்தவற்றுக்கு நினைவு ஒரே ஆசிரியரைத் தந்தது. ஆக, இங்கே பிழைக்கு ஒரு வரலாறு உண்டு. தளம் ஒன்று ஔவையார் பெயரை அழித்துப் பாண்டியர் பெயரை எழுதினால் பிழை நீங்கும். ஆயின் அவ்வரலாறும் உடன் நீங்கும். ‘ஔவையார் வாக்காகப் பரவலாக வழங்குவது’ என்னும் குறிப்பும் ஒரு தரவே. அதை நம்பித் தேடி வருபவர் சரியான இடத்தை அடைவதற்கு அக்குறிப்பே வாயில். ஆங்கில விக்கிமேற்கோள் ஒருவர்மேல் தவறாக ஏற்றப்பட்ட தொடர்களைத் தனிப்பிரிவாக வைத்துக் காட்டுவது இவ்வகையில் பின்பற்றத்தக்கது. ஔவையார் என்னும் பெயரிலேயே மற்றொரு சிக்கலும் உண்டு. சங்க ஔவையாரும் நீதிநூல் ஔவையாரும் வெவ்வேறு காலத்தவர். தளங்களிலோ அவர்களுக்கு ஒரே பக்கம், ஒரே படம்.

வெற்றிவேற்கைக்குப் பாண்டியர் பெயரை இடுவதனால் வினா முற்றாகத் தீர்ந்துவிடுவதும் இல்லை. நூலின் பாயிரச் செய்யுள் வீரராமன் என்றும், கொற்கைக்குரியவன் என்றும், குலசேகரன் என்றும் ஒருவனைக் குறிக்கிறது. அவனை அதிவீரராமனாகக் காண்பது அறிஞர் முடிபு. அச்செய்யுள் நூலைக் குறிக்கும் சொல் ‘நறுந்தொகை’. தொகை என்னும் இச்சொல்லைப் புறக்கணித்தல் தகாது. நல்ல சொற்களை அரசன் யாத்தானா, வழக்கிலிருந்தவற்றைத் தொகுத்தானா, இரண்டும் செய்தானா? கல்வியின் சிறப்பைக் கூறும் பகுதியில் அறிவுடையவனை அரசும் நாடும் என்னும் கருத்து வருகிறது. இக்கருத்தும், கீழ்க்குடியிற் பிறந்தவனும் கற்றால் மேன்மையுறுவான் என்னும் கருத்தும் புறநானூற்றின் 183ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கூறியவை. சங்ககாலப் பாண்டியன் ஒருவனின் குரல், ஏறத்தாழ பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின் தென்காசிப் பாண்டியன் ஒருவனின் வாயில் மீண்டும் ஒலிக்கிறது. இதைத் திருட்டு எனல் அறியாமை. முன்னோரின் சொல்லையே எடுத்தாளுதல் அவர்க்குச் செய்யும் போற்றுதல் எனக் கருதிய மரபு இது. நன்னூல் அதை வெளிப்படையாகவே ஏற்கிறது. ஆனால் அப்போற்றுதலைக் காட்டுவதற்கு ‘ஆசிரியர்’ என்னும் ஒற்றைப் புலத்தில் இடமில்லை.

நன்னூலின் பாயிர இலக்கணத்தில் இடம் உண்டு. சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவை 8 என்பர் பவணந்தியார். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டி 11 ஆக்குவாரும் உளர். அவ்வெட்டில் ஆக்கியோன் பெயர் ஒன்று மட்டுமே. ‘வழி’ என்பது மற்றொன்று. நூல் எதனினின்று வந்தது என்பதை அது சுட்டும். நெடுஞ்செழியனுக்கும் அதிவீரராமனுக்கும் இடையிலான உறவை எழுதவேண்டிய இடம் அதுவே.

குறத்தியின் சொல் யாருடையது?

தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சார்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சிக்கு ஆசிரியர் யார் என்பதில் ஐயமில்லை. ஆகவே ஒற்றைப் புலம் இங்கே போதுமானது எனத் தோன்றக்கூடும். குற்றாலத்தைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகளிலும் சாரற்பருவச் செய்திகளிலும் மலைவளம் கூறும் பாடல் தவறாது இடம்பெறுகிறது. ‘திரிகூடராசப்பர் வருணிக்கிறார்’ என்பதே வழக்கமான அறிமுகம். ஆனால் நாடகத்தினுள் அதைச் சொல்பவள் குறத்தி. தலைவி வசந்தவல்லியிடம் தன் மலை இன்னது என அவள் பெருமிதத்தோடு கூறும் கூற்று அது. கூற்று மறைந்தவுடன் அச்செய்யுள் இயற்கை வருணனையாக நிறம் மாறுகிறது. மலைக்கு உரியவள் தன் மலையைக் குறித்துப் பேசும் பேச்சு, மலையைப் பார்க்க வந்தவரின் வியப்பாகிவிடுகிறது. என் மதிப்பீட்டில் ஆசிரியர் பெயரை விடுவதினும் இது பெரிய இழப்பு. சிங்கனும் சிங்கியும் வினாவும் விடையுமாகப் பேசும் பகுதியிலிருந்து ஒருவர் பேச்சை மட்டும் பெயர்த்தெடுத்தால் பொருளே திரிந்துவிடும்.

குறவஞ்சி பாடி ஆடுவதற்குரிய நூலாதலின், பல்லூடகத் தளத்தில் அது எழுத்தாக மட்டும் நுழைவதில்லை. மேடை நாட்டிய நாடகமாகவும் கச்சேரிப் பாடலாகவும் ஒலிக்கோப்பாகவும் நுழைகிறது. அங்கே இசையமைத்தவர், பாடியவர், நடனம் அமைத்தவர் என்போர்க்கெல்லாம் உரிமை உண்டு. ஒலித்தளங்களில் பாடகர் பெயர் முதலிடம் பெற, கவிராயர் பெயர் ‘மரபுப்பாடல்’ என்னும் சொல்லுக்குள் கரைந்துபோவது அரிதன்று. எழுத்துத்தளத்தில் பாடகர் இல்லை. ஒலித்தளத்தில் கவிஞர் இல்லை. இரண்டிலும் குறத்தி இல்லை.

நூலகவியலார் இத்தகைய பணிவேறுபாட்டை முன்பே எதிர்கொண்டனர். மார்க் பட்டியலாக்க முறையில் இசையமைப்பாளர், பாடகர், பேசுபவர், தொகுப்பாளர் ஆகியோர்க்குத் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. ஒரு படைப்பு இவருடையது எனக் கருதப்படுவதைக் குறிக்கவும், ஐயத்திற்குரிய ஆசிரியரைக் குறிக்கவும் வெவ்வேறு குறியீடுகள் அதில் உண்டு. ஆயினும் மார்க் முறையின் ‘பேசுபவர்’ உரை நிகழ்த்தும் மெய்யான மனிதர். பனுவலுக்குள் வாழும் குறத்தி அல்லள். நமது ‘கூற்று’ என்னும் கருத்தாக்கம் அவ்விடத்தில் தேவைப்படுகிறது.

கல்லும் சுவரும்

தென்காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுப்பித்தவர் பராக்கிரம பாண்டியர். அங்குக் கல்லில் வெட்டப்பெற்ற தமிழ்ச்செய்யுள்களுள் ஒன்று, இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேருமாயின் அதனைத் திருத்திக் காப்போர் யாராயினும் அவர் அடியில் இப்போதே வீழ்ந்து வணங்குகிறேன் என்னும் கருத்துடையது. சிதைந்து நெடுங்காலம் நின்ற கோபுரம் புதுக்கப்பெற்று 1990இல் நிறைவுற்றபோது இச்செய்யுள் பெரிதும் நினைவுகூரப்பட்டதில் வியப்பில்லை. மேற்கோள் தளங்களில் இதற்குரிய ஆசிரியர் ‘பராக்கிரம பாண்டியன்’. கூற்று அரசனுடையது என்பதற்குச் செய்யுளின் தன்மையிடமே சான்று. யாத்தவனும் அரசனே என்பதற்கு அது சான்றாகாது. அரசன் பெயரால் அவைப்புலவர் பாடுவது தமிழ்க் கல்வெட்டுகளில் இயல்பே. இரண்டு புலங்கள் தனித்தனியே இருப்பின், கூற்றுப் புலத்தில் துணிவாக எழுதி ஆக்கியோன் புலத்தில் அடக்கமாக எழுதலாம். அன்றியும் இச்செய்யுளுக்கு இடமும் ஊடகமும் பொருளின் பகுதிகள். எந்தக் கட்டடத்தின் குறையைப் பற்றிப் பேசுகிறதோ அக்கட்டடத்தின் கல்லிலேயே அது நிற்கிறது. படஅட்டையில் மலர்ப்பின்னணியின்மேல் அதை அச்சிடுவோர் இதை நினைப்பதில்லை.

குற்றாலத்துச் சித்திரசபை இதற்கு எதிரிணை. நடராசர்க்குரிய ஐம்பெரும் மன்றங்களுள் ஒன்றாகிய இங்கு இறைவன் சுவரோவியமாக விளங்குகிறார். இவ்வோவியங்களின் ஒளிப்படங்கள் இணையத்தில் இடம்பெறும்போது பெயர் குறிக்கப்படுபவர் படமெடுத்தவர். சுவரில் எழுதிய ஓவியர்களும் பிற்காலத்தில் வண்ணம் புதுக்கியவர்களும் பெயரற்றவர்கள், பெயரற்றோர்க்குப் புலமில்லை. ஒளிப்படக்காரரின் சட்ட உரிமை மறுக்கத்தக்கதன்று. ஆனால் அவர் பெயர் மட்டும் நிற்கும்போது பார்வையாளர் அவரையே ஆக்கியோனாக எண்ண இடமுண்டாகிறது. ‘ஓவியர் பெயர் அறியப்படவில்லை, சித்திரசபைச் சுவர்’ என எழுதுவதற்கு ஒரு வரி போதும்.

ரசிகமணியின் பாடம்

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இச்சிக்கலை மிகக் கூர்மையாக்குகிறார். கம்பராமாயணத்தில் பிறர் கைபட்டுச் சிதைந்த இடங்கள் பல எனக் கருதிய அவர், தம் சுவையுணர்வையும் செவியுணர்வையும் அளவுகோலாகக் கொண்டு பல செய்யுள்களைத் தள்ளினார். சிலவற்றின் சொற்களை மாற்றிப் பாடங்கொண்டார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ அவ்வாறு உருவானது. சுவடிச் சான்றின்றிப் பாடம் திருத்தலாகாது எனப் பதிப்புலகம் இதனை மறுத்தது. அம்மறுப்பு நெறிமுறையளவில் சரியானதே. எனினும் டி.கே.சி.யின் பணியைப் பதிப்பாக நோக்காமல், பாடிக்காட்டும் ஒருவரின் அரங்கேற்றமாக நோக்கினால் அதன் மதிப்பு வேறாகும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை கம்பரைக் காதால் கேட்டது பெரிதும் அவர்வழியே.

மேற்கோள் தளத்தில் நிகழ்வது வேறு. டி.கே.சி. கொண்ட பாடமும் வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் பதிப்பின் பாடமும் ஒரே செய்யுளுக்கு இரண்டு பதிவுகளாக ஏறுகின்றன, இரண்டின்கீழும் ‘கம்பர்’. ஒருவர் முன்னதைப் பிழை எனக் கருதிப் பின்னதாக மாற்றுவார்; மற்றொருவர் மீண்டும் மாற்றுவார். இருவரும் நேர்மையானவர்களே. பாடத்தின் பொறுப்பாளரைக் குறிக்க வழியில்லாமையே பூசலுக்குக் காரணம். ‘ஆக்கியோன்: கம்பர், பாடம்: டி.கே.சி.’ எனக் குறித்து இரண்டு பதிவுகளையும் இணைத்தால், கம்பர்க்குக் கம்பர் சொல்லாதது ஏற்றப்படாது, டி.கே.சி.க்கு அவர் செய்ததன் பெருமையும் பொறுப்பும் ஒருங்கே சேரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 57ஆம் பிரிவு ஆசிரியர்க்குத் தம் படைப்புத் தமதெனக் கூறும் உரிமையோடு, தம் புகழுக்கு ஊறு செய்யும் திரிபைத் தடுக்கும் உரிமையையும் இணைத்தே தருகிறது. சட்டம் கம்பர்வரை எட்டாது. அவ்விணைப்பின் நியாயம் எட்டும்.

டி.கே.சி.யின் சொந்த வாக்குகளுக்கு நிலைமை இன்னும் நுட்பமானது. அவர் எழுதியவை, கடிதங்கள் உட்பட, அச்சில் உள்ளன. ஆனால் அவர் பெயரால் வழங்கும் சுவையான தொடர்களிற் பல வட்டத்தொட்டி உரையாடல்களிலும் குற்றால இல்லத்துப் பேச்சிலும் பிறந்தவை, தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் உள்ளிட்ட அன்பர்களின் எழுத்துகள்வழி நம்மை அடைந்தவை. ஆகவே அவை டி.கே.சி. சொன்னதாக இன்னார் எழுதியவை. இந்த ‘இன்னார்’ விடுபடக் கூடாது.

வடிவமைப்பிற்குச் சில முடிபுகள்

நெகிழ்வான ஆசிரியச் சுட்டு என்பதைத் தளர்வான சுட்டு எனக் கொள்ளலாகாது. பதிவில் பல உறவுகளை வைத்து, திரையில் ஊடகத்திற்கு ஏற்பச் சிலவற்றைக் காட்டுவதே நெகிழ்வு. டப்ளின் கோர் என்னும் பரவலான மீதரவுத் தரத்தின் 15 கூறுகளில் ஆக்கியோனும் பங்களிப்பாளரும் தனித்தனியே உள்ளனர். ஆனால் கூற்றும் பாடமும் வழியும் கலந்த நமது தேவைக்கு அப்பிரிப்பு மட்டும் போதாது. ஒவ்வொரு பெயரோடும் அவர் செய்த பணி, சுட்டின் உறுதிநிலை, அச்சுட்டைச் செய்தவர் ஆகிய மூன்றும் இணைக்கப்பட வேண்டும்.

மூன்றாவது கூறே இன்றியமையாதது. சிறப்புப்பாயிரம் செய்பவராக நன்னூல் நூலாசிரியரை ஏற்பதில்லை; அவருடைய ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், தக்க உரைகாரர் ஆகிய நால்வருள் ஒருவரே செய்யத்தக்கவர் என்கிறது. ஒரு நூல் யாருடையது என்னும் கூற்று மற்றொருவரின் கூற்று. அவர் யார், நூலோடு அவர்க்கு என்ன உறவு என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள். பாஸ்கரத் தொண்டைமான் டி.கே.சி.யின் சொல்லைப் பதிவுசெய்வது இந்நால்வருள் மாணாக்கர் நிலையில் நின்றே. மேற்கோள் தளங்களில் பதிவேற்றியவர் பெரும்பாலும் புனைபெயருக்குள் மறைகிறார். ஆசிரியர் பெயரோ ஐயத்திற்கு இடமின்றிப் பெரிய எழுத்தில் நிற்கிறது.

இவ்வளவு புலங்களை யார் நிரப்புவார் என்னும் மறுப்பு எழும். நியாயமானதே. அனைத்தையும் கட்டாயமாக்கினால் தளம் வறண்டுபோகும். கட்டாயமாக வேண்டுவது ஒன்று மட்டுமே: எங்கிருந்து எடுத்தீர் என்பது. நூல், கல்வெட்டு, ஒலிப்பதிவு, செவிவழி எதுவாயினும் பயனருக்கு அதன் விடை தெரியும். யார் சொன்னது என்பதற்கு அவர்க்கு விடை தெரியாமல் இருக்கலாம். அப்புலம் வெறுமையாக நிற்கட்டும். பிறர் பின்னர் நிரப்புவர்.

படஅட்டைக்குத் தனிக்கவனம் தேவை. ஒளிப்படக் கோப்பினுள் பொதிந்து வைக்கும் மீதரவை வாட்ஸ்அப் போன்ற செயலிகள் அனுப்பும்போது நீக்கிவிடுகின்றன. ஆகவே சுட்டு படத்தின் பரப்பிலேயே எழுத்தாக இருத்தல் வேண்டும். ஒரு வரிக்கு மட்டும் இடமிருப்பின் என்ன எழுதுவது? ‘குற்றாலக் குறவஞ்சி, குறத்தி கூற்று’ என்பதை நான் தேர்வேன். நூற்பெயரைக் கொண்டு கவிராயரைக் கண்டறிவது எளிது, கவிராயர் பெயரைக் கொண்டு குறத்தியைக் கண்டறிய இயலாது. இதனை மறுப்போர் இருப்பர். தளம் இருவகைக் காட்சியையும் பயனர் விருப்பிற்கு விடலாம். கூற்றை முற்றாக நீக்கும் காட்சியை மட்டும் அனுமதிக்கலாகாது.

சுட்டு திருத்தப்படும்போது பழைய சுட்டும் நாளோடும் திருத்தியவர் பெயரோடும் பதிவில் நிற்க வேண்டும். ஔவையார் பெயரில் வெற்றிவேற்கை அடியை மேற்கோள் காட்டிய ஆய்வேடு நூலகத்தில் அச்சில் இருக்கும். அவ்வேட்டைப் படித்துத் தளத்திற்கு வரும் அடுத்த ஆய்வாளர், அந்நாளில் அங்கே என்ன எழுதப்பட்டிருந்தது, யார் எழுதினார் என்பதைக் காண முடிய வேண்டும்.